கேப்டனை மன்னிக்காதவள்

அவளுக்கு ஆவி அக்கா என்று பெயர் வந்தது பேயால் அல்ல, நீராவியால். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை அழுத்தி எடுப்பது அவள் வேலை. மூடியைத் தூக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று கிளம்பும் வெண்புகையில் அவள் முகம் மறைந்துபோகும். பிறகு மூக்கு, கண்ணாடி, நெற்றி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதைப் பார்த்து, "ஐயோ, ஆவி மாதிரி வர்றாங்களே!" என்று அலற, பெயர் ஒட்டிக்கொண்டது. "ஆவியா இருந்தா நல்லதுதான், முட்டி வலிக்காது" என்று அவளும் சிரித்துவிட்டாள்.

லாரி ஓட்டும் கணவன் கால் முறிந்து வீட்டோடு கிடந்த மாதங்களில்தான் அவளுக்கு அந்தத் தொலைக்காட்சித் தொடர் பழக்கமானது. 'தூரக்கலம்' என்று பெயர். வழிதவறிப்போன விண்கலம் ஒன்று, அதில் சில மனிதர்கள், எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைக்கிற ஒரு கேப்டன். சனிக்கிழமை மாலைதோறும் வரும். கணவன்தான் ஆசையாகப் போடச் சொன்னான்; ராக்கெட் கிளம்புவதற்குள் அவன் குறட்டை கிளம்பிவிட்டது. அவள் மட்டும் உட்கார்ந்து பார்த்தாள்.

சும்மா பார்க்கிற ரகமா அவள்? திரையில் இருப்பவர்களுக்குக் காது கேட்கும் என்பதுபோலத்தான் பேசுவாள். "அந்தக் கதவைத் தொடாதடி! உள்ள என்ன இருக்குன்னு தெரியாம கையை விடுவியா? நாங்க குக்கர் மூடியைத் திறக்கவே நாலு தடவை யோசிக்கிறோம்!" அவள் கத்திய கத்தலில் கணவன் எழுந்து, "யாரு, என்ன ஆச்சு?" என்று கட்டுப்போட்ட காலோடு பதறினான்.

இதை இளைய மகள் கைபேசியில் படம்பிடித்து விளையாட்டாக இணையத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் ஓடி வந்தாள். "அம்மா, ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். நான் சொன்னது சரியா தப்பான்னு யாராவது சொன்னாங்களா?"

"சரின்னுதான் நிறைய பேர் எழுதியிருக்காங்க."

"அப்புறம் என்ன? அடுத்த வாரமும் எடு."

இப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர்ச் செம்பில் கைபேசியைச் சாய்த்துவைத்து, "ஆவி அக்கா பேசுறேன்" என்று தொடங்குவாள். அன்றைய கதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போடுவாள். கேப்டனுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஒருவன் எழுதியிருந்தான். அடுத்த வாரமே பதில் வந்தது: "கேப்டனுக்குத் தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. அந்த ஆளு பிரபஞ்சத்தைக் காப்பாத்தலாமாம், நான் உட்கார்ந்து பார்க்கக்கூட கூடாதாம். நல்லா இருக்கே நியாயம்!"

சலவைக்கூட மேற்பார்வையாளரும் கூப்பிட்டு அனுப்பினார். வேலை முடிந்த கையோடு பேசுவதால் மேலங்கியில் இருந்த மருத்துவமனைச் சின்னம் படத்தில் தெரிகிறதாம், நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லையாம், நிறுத்திவிட வேண்டுமாம். அவள் அவர் எதிரிலேயே மேலங்கியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டுக்கொண்டாள். "இப்ப சின்னம் தெரியுதா சார்?" தெரியவில்லை. "அப்ப நான் வரட்டுமா?" என்று வந்துவிட்டாள்.

அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கைதான். பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

கலத்தை ஓட்டுகிற பெண்ணின் காதுக்குள் ஒரு சின்னக் கருவி உண்டு. அதன் வழியாக அவளுக்கு நட்சத்திரங்களின் ஓசை கேட்கும். அதைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிப்பாள். அன்று அவள் அடிபட்டுக் கிடந்தாள். கருவியை எடுத்தால்தான் உயிர் பிழைப்பாள் என்றார் மருத்துவர். கேப்டன் தலையாட்டினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கண்விழித்துத்தான் படுத்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடிந்து, "ஏன் ஒண்ணுமே கேக்கலை?" என்று அவள் கேட்டபோது, கேப்டன் அவள் தலையைத் தடவி, "ஓய்வெடு" என்றார்.

ஆவி அக்கா கத்தவில்லை. மகள் கைபேசியோடு காத்துக்கொண்டிருந்தாள். ஆவி அக்கா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"எனக்கும் இப்படி நடந்திருக்கு. ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் நிக்கலை. இவரு லாரியோட வெளியூர்ல. என் அண்ணன்தான் கூட இருந்தாரு. கர்ப்பப்பையை எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு, அண்ணன் கையெழுத்துப் போட்டாரு. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. சின்னதா சுத்தம் பண்ணப்போறோம்னு சொன்னாங்க. தையலுக்கும் அதையே காரணம் சொன்னாங்க. அடுத்த வருஷம் வேற ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். உயிரைக் காப்பாத்தினாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா என் உடம்பு. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் பிரசவத்தில் பிறந்தவள்தான் கைபேசியைப் பிடித்திருந்தாள். படமெடுப்பதை நிறுத்தினாள். "அம்மா, இதைப் போட வேணாம்."

"போடு."

அடுத்த நாள் காலையிலேயே அண்ணன் வந்து நின்றார். பேருந்துக் கம்பெனி ஒன்றில் மேலாளர்; பத்துப் பேர் மதிக்கிற மனிதர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குடும்ப விஷயத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே! ஆபீஸ்ல எவன் மூஞ்சில முழிப்பேன்? அதை அழி முதல்ல."

"நான் பொய் ஏதாவது சொன்னேனா அண்ணா?"

"உன் உசுரைக் காப்பாத்தினவன்மா நான்!"

"ஆமா. அதையும்தான் சொல்லியிருக்கேன். முழுசாப் பாருங்க."

"டிவி பெட்டியைப் பார்த்துக் கத்துறது ஒரு பொம்பளை செய்யிற வேலையா?"

"நீங்க கால்பந்து பார்த்துக் கத்துறப்போ கோல் விழுந்தது தெருமுனை வரைக்கும் தெரியுது. உங்க வாயை யாராவது பொத்தினாங்களா?"

அண்ணன் கணவனைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

கணவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். அந்தப் பிரசவத்தின்போது வெளியூரிலிருந்து திரும்பியதும் அவனிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவள் அழுவாளே என்று அவனும் மறைத்தான். தெரியவந்தபோது அவள் மாதக்கணக்கில் அவனோடு பேசவில்லை. ஒருநாள் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, தப்புதான் என்று ஒப்புக்கொண்டான். "நான் அப்பவே மன்னிப்பு கேட்டுட்டேன் மச்சான்" என்றான். "நீங்க இன்னும் கேக்கலை."

அண்ணன் முகம் இருண்டது. "இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பின்னால் ஓடவில்லை. அன்று பகலெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கூடப்பிறந்தவர் ஆயிற்றே. ஆனாலும் மகள் தயங்கித் தயங்கி, "எடுத்துடலாமாம்மா?" என்றபோது, "கண்ணுல தண்ணி வருதுன்னா வாயை மூடிக்கணும்னு அர்த்தமா? இருக்கட்டும் அது" என்றாள்.

அது இருந்தது. முகம் தெரியாத பெண்கள் தங்கள் கதையை அதன் கீழே எழுதினார்கள். சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற பெண்கள் இடைவேளையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு டீ ஆறும்வரை அழுதாள்.

அண்ணன் சொன்னபடியே வரவில்லை. தொடரின் கடைசிப் பகுதி வந்த சனிக்கிழமை, வாசலில் அழைப்புமணி அடித்தது. அண்ணி நின்றாள். இத்தனை வருடத்தில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. விருந்துக்கு வந்தால் அடுப்படியோடு சரி.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். முறைச்சாரு. முறைச்சா முறைக்கட்டும். ஆரம்பிச்சிடுச்சா?"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கலம் ஒருவழியாகப் பூமிக்குத் திரும்பியது. கேப்டனுக்குப் பதக்கம் குத்தினார்கள். ஓசை இழந்த அந்தப் பெண் மேடையேறி, கேப்டன் கையைப் பிடித்துப் புன்னகையோடு சொன்னாள்: "நீங்க செஞ்சது சரிதான், கேப்டன்." கூட்டம் கைதட்டியது.

"யாருடா இதை எழுதினது?" ஆவி அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "அந்த ஆளு எங்கடா கேட்டாரு மன்னிப்பு? கேக்காததைத் தூக்கிக் குடுக்குறதுக்குப் பேரு பெருந்தன்மையா? ஊரு கைதட்டுனா தட்டிக்கட்டும். நான் மன்னிக்க மாட்டேன்!"

மகள் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். கணவன் வழக்கத்துக்கு மாறாகத் தூங்காமல், காலை நீட்டிக்கொண்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து, அந்த வீட்டில் ஒருவருக்கும் பழக்கமில்லாத குரல் ஒன்று சுவர் அதிரக் கிளம்பியது.

"கையை உதறுடி!" என்று அண்ணி திரையைப் பார்த்துக் கத்தினாள். "சிரிக்காதடி! உதறு கையை!"