நானூற்றுப் பதினேழாவது பாத்தி

என் அண்ணிக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் துரு அக்கா. அவருக்கு அதில் கோபம் கிடையாது. எனக்குத்தான் கோபம். இருபத்தாறு வருடமாகக் கோதுமை இலையில் வருகிற துரு நோயையே பார்த்துக்கொண்டிருக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று வயல் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி என்னையே திருப்பிக் கேட்பார். எங்களுடையது ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம். அண்ணி வயலில் நடந்து நோய்க்கு மதிப்பெண் எழுதிக்கொண்டு வருவார். நான் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். வீட்டிலும் ஒரே சமையலறை என்பதால் சண்டை போட்டால் இரண்டு இடத்திலும் போட வேண்டியிருக்கும். அதற்கு எங்களுக்கு நேரமில்லை.

நோயை விரட்டுகிற இடம் என்றுதான் எல்லோரும் எங்களைப் பற்றி நினைக்கிறார்கள். நாங்களோ நோயைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறவர்கள். போன வருடத்துத் துருப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, சாயங்காலம் பனி இறங்குகிற நேரம் பார்த்து நாங்களே தெளிப்போம். மூன்று வாரத்தில் இலையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கொப்புளமாகப் பொரிந்துவிடும். அப்போது எந்தச் செடி தாங்குகிறது, எது சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இலையில் ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம், முழுக்க மூடிவிட்டால் நூறு. அளவு பார்க்கப் படம் போட்ட ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அண்ணி அதை மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் சூடு தாங்க வைத்திருக்கிறார். அவருக்கு அட்டை வேண்டாம். இலையைக் கட்டை விரலால் ஒரு தரம் தடவிவிட்டு நாற்பது என்பார். மெஷின் வைத்துப் பார்த்தாலும் நாற்பதுதான் வரும். அந்தக் கட்டை விரல் மூன்று மாதத்துக்கு ஆரஞ்சு நிறமாகவே இருக்கும். அண்ணன் அதைப் பார்த்து, "துண்டுல துடைக்காதே" என்று மட்டும் தினமும் சொல்லுவான். எங்கள் வீட்டில் அண்ணியின் வேலையைப் பற்றி நடந்த பேச்சு மொத்தமே அவ்வளவுதான்.

இப்போது நானூற்றுப் பதினேழுக்கு வருகிறேன்.

எங்கள் குளிர் அறையில் ஆயிரக்கணக்கான விதைப் பொட்டலங்கள் இருக்கின்றன. எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் பத்தாயத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தவை. பல பொட்டலத்துக்குள் ஒரே ரகம் இருக்காது. நெட்டை இருக்கும், குட்டை இருக்கும், மீசை வைத்த கதிர் இருக்கும், மொட்டைக் கதிர் இருக்கும். அந்த விவசாயிகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. எங்களுக்குப் போதவில்லை. விதைக்கு வயதானால் முளைக்காது என்பதால் வருடத்துக்கு ஐந்நூறு பொட்டலத்தை வெளியே எடுத்து, பொட்டலத்துக்கு ஒரு சின்னப் பாத்தி என்று விதைத்து, புது விதை எடுத்து உள்ளே வைப்போம். மிஞ்சிய பழைய விதையைக் கொட்டிவிடுவோம். அந்தப் பாத்திகளுக்கும் நோய் தெளித்து மதிப்பெண் போடுவது உண்டு. அறுவடைக்கு முன்னால் கலவன் எடுப்பது என்று ஒரு வேலை உண்டு. பாத்தியில் மற்றதிலிருந்து மாறித் தெரிகிற செடிகளை வேரோடு பிடுங்கிவிடுவது. அப்போதுதான் உள்ளே போகிற விதை ஒரே சீராக இருக்குமாம்.

நானூற்றுப் பதினேழு, மேட்டுப் பகுதி ஊர் ஒன்றில் ஏதோ ஒரு வீட்டுப் பத்தாயத்து விதை. பொட்டலத்தில் இருந்ததே ஒரு பிடி. அதையும் முழுக்க விதைத்தாயிற்று. நோய் தெளித்து ஐந்தாவது வாரம் அண்ணி நோட்டுடன் என் அறைக்கு வந்தார். வழக்கமாக நோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அன்றைக்கு நின்றார்.

"நானூத்திப் பதினேழுல எழுபதுன்னு எழுதியிருக்கேன் பாரு. அது சரியில்ல."

"தப்புன்னா திருத்திக் குடுங்க அண்ணி."

"தப்பில்ல. மத்ததெல்லாம் எண்பது, தொண்ணூறு. நடுவுல ஒம்போது செடி மட்டும் சுத்தமா இருக்கு. ஒரு கொப்புளம் கிடையாது. அந்த ஒம்போதையும் சேர்த்துச் சராசரி போட்டா எழுபது வருது. எழுபதுங்கிற செடி அந்தப் பாத்தியில ஒண்ணுகூடக் கிடையாதும்மா."

நான் திரையைக் காட்டினேன். ஒரு பாத்திக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எண். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாமாக எதையும் எழுத முடியாது. சொடுக்கினால் மூன்று வார்த்தை இறங்கும்: சீர், கலப்பு, முளைக்கவில்லை. அண்ணியோ நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏழு வரி எழுதியிருந்தார். ஒன்பது செடியும் எந்த வரிசையில் எத்தனையாவது, தனியாக அறுவடை செய்து தனிப் பொட்டலம் போட வேண்டும் என்பதுவரை.

"ஏழு வரியை நான் எங்க கொண்டு போய்த் திணிக்கிறது?" என்றேன். அன்றைக்கு இன்னும் நூற்றிருபது பாத்தி ஏற்ற வேண்டியிருந்தது. 'கலப்பு' என்பதைச் சொடுக்கிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டேன். என் ஆயுளில் அவ்வளவு சுலபமாக நான் செய்த பாவம் வேறில்லை.

அண்ணி விடவில்லை. டாக்டரிடம் போனார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல, ரகம் உருவாக்குகிறவர், எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் பிடி கொடுக்க மாட்டார். அண்ணி ஒன்பது செடியின் கதிர்களுக்கும் அடையாளமாகக் காகித உறை போட அனுமதி கேட்டார். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது, வயலில் உறை தொங்கினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், குழு போகட்டும் என்றார் டாக்டர்.

"போகட்டும், போகட்டும்னே என் சர்வீஸ் போயிடுச்சு," என்று அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அண்ணி சொன்னார். அவருக்கு இது கடைசிப் பருவம். அறுவடை முடிந்தால் ஓய்வு. "ஒரு தடவையாவது நான் பார்த்தது ஒண்ணு அந்தக் குளிர் அறைக்குள்ள போகணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

"போகும் அண்ணி. எங்க போயிடப் போகுது, வேர் விட்டுத்தானே நிக்குது," என்றேன். என் வாய்க்குப் பூட்டுப் போடலாம்.

கலவன் எடுப்பது எப்போதும் மாதக் கடைசியில்தான். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று அண்ணி நம்பிக்கையாக இருந்தார். டாக்டர் அவரை இரண்டு நாளைக்குக் கிளைப் பண்ணைக்கு அனுப்பினார். அங்கே துரு மதிப்பெண் போட ஆளில்லை. அண்ணி போன அன்று காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது. குழு வருவதற்கு முன்னால் வயல் ஒரே சீராக இருக்க வேண்டும், கலவன் லிஸ்ட்டை உடனே எடுத்து மேஸ்திரியிடம் கொடு என்றார் டாக்டர்.

லிஸ்ட் எடுப்பது ஒரு பெரிய வேலையே இல்லை. குறிப்புக் கட்டத்தில் 'கலப்பு' என்று இருக்கிற பாத்திகளை மட்டும் பிரித்து ஒரு பட்டனை அழுத்தினால் பிரிண்டர் துப்பிவிடும். ஐம்பத்து மூன்று பாத்தி. நான் அந்தத் தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சூடாகவே எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மேஸ்திரியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று. பாத்தியில் பத்துக்கு எட்டு எப்படி இருக்கிறதோ அதுதான் ரகம், மற்றதைப் பிடுங்கு. நானூற்றுப் பதினேழில் பத்துக்கு எட்டு, துரு தின்று நாள் வராமலே காய்ந்து பழுப்பாக நின்றது. ஒன்பது செடி மட்டும் பச்சையாக, தன் பாட்டுக்குப் பால் கட்டிக்கொண்டு நின்றது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். பிடுங்குகிற ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாம் நாள் அண்ணி வந்தார். பையைக்கூட இறக்கவில்லை, நேராக வயலுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நானூற்றுப் பதினேழுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். மண்ணில் ஒன்பது குழி இருந்திருக்கும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஏழு வரியும், நான் சொடுக்கிய ஒரு வார்த்தையும், பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளும் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

"அண்ணி, லிஸ்ட் நான்தான் குடுத்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பிடுங்கினதை எங்க போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

உரக்குழிக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்குக் குவித்திருந்தார்கள். ஐம்பத்து மூன்று பாத்தியில் பிடுங்கியதும் ஒன்றாக, வேர் மேலும் கதிர் கீழுமாக. மேஸ்திரி பின்னாலேயே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே காவல் இருந்திருப்பேன்."

"எழுதிக் குடுத்தேன்பா," என்றார் அண்ணி. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தோம். அண்ணி வைத்த முறை எளிமையானது. ஒவ்வொரு செடியாக எடுத்து மேல் இலையைத் தடவிப் பார்ப்பது. விரலில் பொடி ஒட்டினால் அந்தப் பக்கம், ஒட்டாவிட்டால் இந்தப் பக்கம். ஒன்பது கிடைத்தால் எழுந்துவிடலாம். கதிர் இன்னும் முற்றிலும் காயவில்லை, நிழலில் தொங்கவிட்டால் பாதி மணியாவது முளைக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அரை மணி நேரத்தில் ஐந்து கிடைத்தது. பிறகு ஏழு. ஒன்பதாவது கிடைத்தபோது நான் கைதட்டக்கூடச் செய்தேன்.

பத்தாவதும் கிடைத்தது.

அண்ணி அதை வாங்கி இலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி, "இதென்னக்கா, குட்டி போடுதா?" என்று சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. குவியல் தரைக்கு வந்தபோது இந்தப் பக்கம் முப்பத்தெட்டுச் செடி இருந்தது. மீசை வைத்தது, மொட்டை, நெட்டை, குட்டை எல்லாம் அதில் இருந்தன. எதிலும் ஒரு கொப்புளமில்லை.

அதில் எந்த ஒன்பது நானூற்றுப் பதினேழு என்று கடவுளாலும் சொல்ல முடியாது. மற்ற இருபத்தொன்பதும் எந்தெந்தப் பாத்தி என்றும் தெரியாது. அவற்றை வயலிலேயே ஏன் கவனிக்கவில்லை என்று மேஸ்திரி கேட்டதற்கு அண்ணி மெதுவாகப் பதில் சொன்னார். ஒன்பது கூட்டமாக நின்றதால் கண்ணில் பட்டது. ஒரு பாத்தியில் ஒன்றே ஒன்று நின்றால் சராசரி அசைந்ததே தெரியாது. நடந்துகொண்டே தொண்ணூறு என்று எழுதிவிட்டு, குறிப்பில் கலப்பு என்று போட்டுவிட்டு, அடுத்த பாத்திக்குப் போயிருப்பேன் என்றார்.

மத்தியானம் டாக்டர் வந்து பார்த்தார். பாவம், அவருக்கும் முகம் வாடித்தான் போனது. ஆனால், "எந்தப் பாத்தின்னு தெரியாம இதுக்கு எப்படிம்மா நம்பர் குடுக்கிறது? நம்பர் இல்லாத விதையை உள்ள எடுக்க முடியாதே," என்றார்.

"நம்பர் வேணாம் சார். தனியா நட்டுப் பாருங்க."

"பார்க்கலாம். குழு போகட்டும்."

அவர் போன பிறகு நான் நடையைக் கட்டலாம் என்று எழுந்தேன். எனக்குத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. யாராவது நாலு வார்த்தை கேட்டால் கொஞ்சம் ஆறியிருக்கும். அண்ணி எழவில்லை. முப்பத்தெட்டுச் செடியையும் மடியில் அடுக்கி, வேர் மண்ணை உதறிக்கொண்டிருந்தார்.

"நீ எத்தனை வருஷமா இந்த லிஸ்ட்டை எடுத்துக் குடுக்கிறே?" என்றார்.

"பதினோரு வருஷமா அண்ணி."

"ஒவ்வொரு வருஷமும் இத்தனை பாத்தி வருமா?"

"ஐம்பது, அறுபது வரும்." சொல்லும்போதே அழுதுவிட்டேன். "மன்னிச்சிடுங்க அண்ணி. நான்தான் எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டேன்."

"நீ எதுக்கு அழறே?" என்றார் அண்ணி. அவர் பார்வை உரக்குழியின் அடியில் மக்கிக் கறுத்துக் கிடந்த பழைய வைக்கோலின் மேல் இருந்தது. "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷம் அந்த லிஸ்ட்டை நான்தான் கையால எழுதிக் குடுத்தேன்."