நான்கு கம்பங்கள் நின்ற இடம்

“குச்சிய ஆழமாக் குத்துடி. பள்ளிக்கூடத்துல சோறு போடலையா உனக்கு?”

“போட்டாங்கக்கா. மண்ணக் குத்தத்தான் சொல்லித் தரலை.”

“பின்ன என்ன கத்துக்கிட்டு வந்தே?”

“முட்டி போட. வெள்ளைக்காரங்க பாஷை பேச.”

“அப்ப முட்டி போட்டே குத்து. படிப்பு வீணாப் போக வேண்டாம்.”

இருவரும் சிரித்தோம். அன்று சிரித்தது அவ்வளவுதான்.

அக்காவின் பெயர் ரெண்டு நாரை, என் பெரியம்மா மகள். மிசூரி ஆற்று வளைவில் இருந்த எங்கள் பழைய ஊரில் பிறந்தவள். எல்லோரும் ஊரை விட்டுத் தனித்தனி நிலத்துக்குப் போக வேண்டும் என்று எங்கள் இனத்துக்கு மேல் அரசாங்கம் வைத்திருந்த வெள்ளைக்கார ஏஜென்ட் முந்தின இலையுதிர்காலத்தில் உத்தரவு போட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. வண்டியில் இடமில்லை. விதைச் சோளக் கதிர்களை வசந்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா நான்கு கம்பங்கள் கூரையைத் தாங்கிய எங்கள் மண்வீட்டின் தரைக்குழியில் இறக்கி மூடினாள். மேலே மண், அதன் மேல் அடுப்புச் சாம்பல், பிறகு எங்களை மிதிக்கச் சொன்னாள். கொள்ளைக்கு வருகிறவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்க எங்கள் பெண்கள் அப்படித்தான் மூடுவார்கள். கொள்ளைக்காரர்கள் வருவது நின்று பல வருடங்கள் ஆகியிருந்தும் பெரியம்மாவின் கை பழக்கத்தை விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பெரியம்மா இருமி இருமியே இறந்தாள். குழி இருக்கும் இடத்தைத்தான் கடைசியாகச் சொன்னாள்: “ஆத்துப்பக்கக் கம்பத்துக்கும் என் படுக்கைக்கும் நடுவுல.”

அந்த வருடம் பசியில் அக்கம்பக்கத்தார் விதையையே தின்றுவிட்டார்கள். கேட்டு வாங்க யாரிடமும் இல்லை. வசந்தம் முடிவதற்குள் எங்கள் நிலத்தில் பயிர் முளைக்காவிட்டால், அக்கா வளர்க்க வக்கில்லாதவள் என்று எழுதி, அவளுடைய தங்கை செம்புல்லைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அங்கே போன எங்கள் பிள்ளைகளில் சிலர் திரும்பவே இல்லை.

விதையைத் தேடி நாங்கள் பழைய ஊருக்கு வந்து பார்த்தபோது வீடு இல்லை. ஏஜென்ட்டின் ஆட்கள் இடித்து, நான்கு கம்பங்களையும் விறகுக்கு வெட்டி, தரையை உழுது ஓட்ஸ் விதைத்திருந்தார்கள். படுக்கை எது, அடுப்பு எது, ஒன்றும் தெரியவில்லை. குத்திய இடமெல்லாம் கெட்டி மண். அக்காவின் உள்ளங்கை கிழிந்து குச்சியில் ரத்தம் வழிந்தது.

பொழுது சாயும்போது ஏஜென்ட்டின் வெள்ளைக்காரக் காவல்காரன் குதிரையில் வந்தான். பயிரை மிதிக்காமல் வெளியே போகச் சொன்னான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குத்தான் அவன் பாஷை தெரியுமே. அவனுக்குக் கோவம் வராம பக்குவமாக் கேளு. கம்பத்த வெட்டுனவங்க இவங்கதானே? எங்க வீடு எந்த எடத்துல நின்னுச்சுன்னு கேட்டுச் சொல்லுடி.”