வாய் ஒட்டிய உறைகள்

கதை கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். என் அக்கா வீட்டில் நடந்தது. பாதியை நானே கண்ணால் பார்த்தேன்.

அத்தான் பல் செட்டு செய்பவர். புதுத் தபால்தலை வெளியாகும் அன்றே அதை ஒட்டி முத்திரை குத்திய உறைகள் என்றால் அவருக்கு உயிர். முதல் நாள் உறை என்பார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், ஒரு பெட்டி நிறைய அவற்றைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சேகரிப்பவர்கள் உறையின் வாயை ஒட்டமாட்டார்கள். அந்தப் பெட்டியிலும் ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு உறை ஒட்டியிருந்தது. தொட்டார். ஈரம். அப்போதுதான் யாரோ நக்கி ஒட்டியதுபோல்...

"நீ தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" அக்கா தண்ணீர் குடித்துவிட்டு முகம் சுளித்தாள். "காலையிலேருந்து வாயெல்லாம் பசை மாதிரி இருக்கு."

அடுத்த நாள் ஏழெட்டு உறைகள். அதற்கடுத்த நாள் பாதிப் பெட்டி. அத்தான் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ச்சப்... ச்சப்...

அக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகச் சொன்னது, "என்னங்க... வாயைத் திறக்க முடியல." அதுவும் பல்லிடுக்கில்.

பிறகு அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். அக்காவின் கண் மட்டும் வழிந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பல்லோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், மனைவியின் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெட்டியைக் கொளுத்தப் பார்த்தோம்.

ஈரம்... பற்றவில்லை.

தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்கு ஓடினோம். கதவில் பூட்டு. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியையே பார்த்தார்.

"அவர் சம்சாரம் நாலு வருஷமா வாயே திறக்கலைங்க. நீங்க இதை எடுத்துட்டுப் போன அன்னைக்குச் சாயந்தரம்தான் பேசினாங்க."

"என்ன பேசினாங்க?" என்றார் அத்தான்.

"'வாங்கிட்டுப் போனவருக்குப் பொண்டாட்டி இருக்கா'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு... ஒரே அழுகை."

பெட்டி இன்னும் அத்தான் வீட்டில்தான் இருக்கிறது. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போதெல்லாம், அக்கா குறுக்கே நின்று வேண்டாம் என்று தலையாட்டுகிறாள்.