பஸ் நிற்காத நாளின் கட்டுரை

அன்று முதல் பீரியட். எட்டாம் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. பெருநகர் என்ற ஊருக்குப் போகிற ரோட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. எனக்குப் பாடம் ஓடவில்லை. வாசலுக்கும் போர்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மணியடித்து வெகுநேரம் கழித்து, வியர்த்துக் கொட்ட வந்து சேர்ந்தார்கள். பஸ் மறுபடியும் நிற்கவில்லை, நடந்தே வந்திருக்கிறார்கள்.

"இதையே கட்டுரையா எழுதுங்க" என்றேன்.

வாங்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: 'போக்குவரத்து வசதியின்மையால் மாணவர்கள் பெரிதும் அவதியுறுகின்றனர்.' கைடில் வருகிற வாக்கியம். எழுதியவர்களின் சட்டை இன்னும் காயவில்லை.

நெசவுக்காரர் மகள் தேவியை எழுப்பினேன். "இன்னா ஆச்சுன்னு வாயால சொல்லு."

"கைய காட்னோம் டீச்சர். டிரைவர் பாத்துக்கினே போய்ட்டாரு. பின்னாடியே ஓடனதுல செருப்பு அறுந்துடுச்சி." கொஞ்சம் தயங்கினாள். "பரீட்ச முடிஞ்சா நின்னுடு, தறில குந்துன்னு அப்பா சொல்லிட்டாரு."

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இத எழுது."

"இதெல்லாம் எழுதனா மார்க் போயிடாதா டீச்சர்?"

"போவாது. அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?"

"தெரியல."

"கேட்டுக்கினு வந்து எழுது."

மறுநாள் எழுதி வந்தாள். 'பெரிதும்', 'அவதி' இரண்டையும் அவளே அடித்திருந்தாள். அதை அவள் ஊர் கிராமசபையில் படிக்கச் சொன்னேன். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. "சிலபஸ் முடியல, இன்ஸ்பெக்‌ஷன் வருது. நமக்கு எதுக்கு டீச்சர் இந்த பேஜாரு?" அவர் பயத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் தூக்கம் போயிற்று.

கிராமசபையில் தேவி எழுந்து நின்று படித்தாள். கடைசிப் பத்தி இது: 'போன வாரம் நான் பஸ் பின்னால் ஓடியபோது லாரி வந்தது. அப்பா பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறார்.'

கூட்டம் முடிந்ததும் அவள் அப்பா நேரே என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"நான் பயந்துக்கினு சொன்னேன்னு இவ வந்து கேக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது டீச்சர். எனக்கே சொல்ல வரல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "படிக்கட்டும். பஸ் நிக்கிற வரைக்கும் நானே சைக்கிள்ல கொண்டாந்து வுடறேன்."

பஞ்சாயத்துத் தலைவர் பஸ் டிப்போவுக்குப் போய்ப் பேசினார். பஸ் இப்போது நிற்கிறது, சில நாள் தவிர. தேவி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

புதிதாக வருகிற ஆசிரியர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிள்ளை எழுதி முடித்து நோட்டை நீட்டும்போது உடனே சிவப்பு மையை எடுக்காதீர்கள். 'ஏன்?' என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், போய்க் கேட்டு வரட்டும்.