மெல்லிய காற்றுக்கு ஏற்ற இறக்கைகள்

லெசோத்தோ மலைநாட்டில் செமொன்கோங் என்ற ஊரில் லிமகட்ஸோ தலை பின்னும் கடை வைத்திருந்தாள். தகரக் கொட்டகைதான். வாசலில் குதிரைகளைக் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்காரும் பெண்களுக்கு, பேச்சு ஓயாமல், விரலும் ஓயாமல் பின்னிவிடுவாள். நாற்பதை நெருங்கும் வயது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் செய்த ஒரே காரியம் ட்ரோன் பறக்கவிடுவது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் அவள் தலையில் கட்டிய பொருள் அது.

ஊரை ஒட்டி ஆறு பாறை விளிம்பிலிருந்து பெரும் பள்ளத்தில் விழுகிறது. விழுகிற நீரின் புகை ஊர்வரை தெரியும். மேலே நின்று பார்க்கலாம், சுற்றுப்பாதையில் இறங்கி அடியில் நின்றும் பார்க்கலாம். நடுப்பகுதியை மட்டும் பறவைகளைத் தவிர யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் அந்தத் தண்ணீருக்குள் அழுகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சிறுமியாக இருந்தபோது காற்று திசைமாறும் நேரங்களில் லிமகட்ஸோவும் அந்த அழுகையைக் கேட்டிருக்கிறாள். அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளை விடவே இல்லை.

முதல் தடவை அவள் ட்ரோனை அருவிக்கு மேல் அனுப்பியபோது அது பள்ளத்தின் வாயைத் தாண்டியதும் தள்ளாடியது. முழு விசை கொடுத்தும் ஏறவில்லை. கீழே இழுத்த காற்றோடு போய்ப் பாறையில் மோதி விழுந்தது.

சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் அழைத்துப்போகும் அவளுடைய அண்ணன் மொஹாப்பிதான் அடிவாரத்தில் இறங்கி அதை எடுத்து வந்தான். உடல் தப்பியிருந்தது. நான்கு இறக்கைகளும் குச்சி குச்சியாக ஒடிந்திருந்தன.

"இந்தா, உன் வெட்டுக்கிளி. காலெல்லாம் போச்சு," என்றான். "என் குதிரைக்கு ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல."

"உன் குதிரை பறந்து காட்டட்டும், அப்புறம் பேசு," என்றாள் அவள்.

அடுத்த வாரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேன் ஏறி மசேருவுக்குப் போனாள். தலைநகரத்தில் கைபேசி பழுதுபார்க்கும், எல்லோரும் மரியாதையாக 'ந்தாதே' (ஐயா) என்று அழைக்கும் பாகோவேயின் கடையில் ட்ரோன் சாமான்களும் கிடைக்கும். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. அவர் பழைய இறக்கைகளைப் போலவே ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதேதாம்மா. கண்ண மூடிட்டு மாட்டலாம்."

"இதேதான் ஏற மாட்டேன்னுச்சு, ந்தாதே. எங்க ஊர் இங்கேயிருந்து ரொம்ப மேல. அங்க காத்தே மெலிசு. மேல ஏறினதும் உங்களுக்கே மூச்சு வாங்கும்ல?"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மலைக்காரங்க யாரும் எங்கிட்ட வாங்கினதில்ல. அதனால யோசிச்சதும் இல்ல. இரு, சேர்ந்தே பாப்போம்."

பெட்டிகளையெல்லாம் இறக்கினார்கள். இறக்கையில் பொறித்த முதல் எண் நீளம். அடுத்தது, ஒரு சுற்றில் அது காற்றை எவ்வளவு தூரம் கடித்துக்கொண்டு முன்னேறும் என்பது. நீளமான இறக்கையை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து இறக்கையில் இடித்தது. மூன்று இதழ் கொண்டதை அவள் கையில் எடுத்தாள். அழகாக இருந்தது, ஆனால் கனம். மின்கலத்தைச் சீக்கிரம் குடித்துவிடும் என்றார் அவர். கடைசியில் ஓர் அழுக்குப் பெட்டியின் அடியிலிருந்து வந்தது இன்னொரு வகை. அதே நீளம், கொஞ்சம் அதிகம் முறுக்கிய இதழ், எடை குறைவு. உயரமான இடங்களுக்கென்றே செய்தது.

"இது காத்த ஆழமாக் கடிக்கும். ஆனா மோட்டார் சூடேறும். ரொம்ப நேரம் பறக்காது," என்றார்.

"ரொம்ப நேரம் வேணாம். அங்க போய்ட்டுத் திரும்பினாப் போதும்."

வீட்டுக்கு வந்த அன்றே மாட்டினாள். அவசரத்தில் வலம் சுற்றும் இறக்கையை இடம் சுற்றும் மோட்டாரில் போட்டுவிட்டாள். விசை கொடுத்ததும் ட்ரோன் குப்புறக் கவிழ்ந்து, கழுத்தறுத்த கோழிபோலத் தரையில் அடித்துக்கொண்டது. தலையைப் பாதி பின்னிய நிலையில் வாசலில் நின்ற மாகோட்ஸோ அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி, இதையா அருவிக்கு அனுப்பப் போற? மொதல்ல என் தலைய முடி!"

நல்லவேளையாக எதுவும் ஒடியவில்லை. சரியான திசையில் மாற்றிப் போட்டபோது எழும்பியது. ஆனால் உடம்பு நடுங்கியது. ஒவ்வோர் இறக்கையையும் ஊசியில் கோத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். ஒன்று மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தது. கடை அலமாரியிலிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து, எடை குறைந்த இதழின் முதுகில் ஒரு சொட்டு வைத்து உலரவிட்டாள். ஊசியில் இறக்கை அசையாமல் படுத்தது. மறுபடி பறக்கவிட்டபோது நடுக்கம் நின்றிருந்தது. நூல் பிடித்ததுபோல நேராக ஏறியது.

குளிர்காலம் அது. பள்ளத்தின் சுவர்களில் பனி உறைந்து தொங்கிய ஒரு காலையில், வெயில் முதுகில் விழும்படி அருவி விளிம்பில் போய் நின்றாள். மொஹாப்பி கேலி பேசத் தயாராக வந்திருந்தான். மாகோட்ஸோ அம்மாளும் வேறு சில பெண்களும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார்கள்.

ட்ரோன் பள்ளத்தின் மேல் போனது. கீழிழுக்கும் காற்று அதைப் பிடித்தது. லிமகட்ஸோ விசையைக் கூட்டினாள். ஓசை ஒரு படி உயர்ந்தது, இறக்கைகள் கடித்தன, ட்ரோன் நின்ற இடத்தில் நின்றது.

மெல்ல இறக்கினாள். நடுச்சுவர் வந்தது. கறுப்புப் பாறையில் பனி திரைதிரையாகத் தொங்கியது. அதற்குள் வெயில் புகுந்து நீலமாக ஒளிர்ந்தது. தண்ணீர் அங்கே ஒரே நீராக இல்லை. பெரும் துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தது. ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஒரு வாலைப் புகையாக இழுத்துச் சென்றது. காற்று வீசியபோது அருவி முழுதும் துணிபோல ஒரு பக்கம் ஒதுங்கியது. பின்னால் பாறையில் ஒரு குகை திறந்தது. அதே நொடியில் விளிம்பில் நின்றவர்கள் காதில் அந்த அழுகை விழுந்தது. தண்ணீர் திரும்பிக் குகையை மூடியதும் நின்றுபோனது.

ஒரு பெண் நெஞ்சில் கைவைத்து முணுமுணுத்தாள்.

"அங்கதான் இருக்காங்களா?" என்று மாகோட்ஸோ அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல அம்மா. குரல் அங்கேயிருந்துதான் வருது," என்றாள் லிமகட்ஸோ. அவள் குரலும் அடங்கியிருந்தது.

ட்ரோனைப் பின்னுக்கு இழுத்து, அதன் கேமராக் கண்ணைக் கீழே புகையைப் பார்க்கத் திருப்பினாள். அப்போதுதான் அது தெரிந்தது. வானவில். ஊரில் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்த பாதி வில் அல்ல. முழு வட்டம். தொடக்கமும் முடிவும் இல்லாமல், பள்ளத்தின் நடுவே மிதக்கும் ஒரு வண்ண வளையம். அதன் சரி நடுவில், சிறு புள்ளியாக, அவளுடைய ட்ரோனின் நிழல்.

மொஹாப்பி தொப்பியைக் கழற்றினான். பிறகு மண்டியிட்டான், திரையை இன்னும் கிட்டத்தில் பார்க்க என்பதுபோல. எழுந்திருக்கவில்லை.

"தெனமும் இங்க நிக்கிறேன்," என்றான். "தெனமும். இது இங்கதான் இருந்திருக்கு."

அதற்குள் இறக்கைகளின் ஓசை மாறியது. தொண்டை கட்டியவன் பேசுவதுபோலக் கரகரத்தது. புகையின் ஈரம் இதழ்களில் உறைகிறது என்று லிமகட்ஸோவுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு கணம் பார்க்க மனம் துடித்தது; விரல் தயங்கவில்லை. நேரே மேலே ஏற்றினாள். ட்ரோன் மூச்சிரைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தபடி, விளிம்பைத் தாண்டிப் புல்லில் வந்து விழுந்தது. மோட்டார்கள் தொட முடியாத சூடு. ஆனால் இதழ் நுனிகளில் கண்ணாடித் தோல்போலப் பனி ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது.

"இன்னொரு தடவை?" என்றான் மொஹாப்பி.

"இன்னிக்கு வேணாம்ணே."

அவனும் வற்புறுத்தவில்லை. வந்தவர்கள் உடனே கிளம்பவும் இல்லை. மேலிருந்து பார்த்தால் புகையும் பாதி வில்லும் மட்டுமே தெரிந்தன. என்றாலும் எல்லோரும் அதன் மறுபாதி இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், வெயில் அந்தப் பக்கம் திரும்பும்வரை.