நாற்பது கதவுகளுக்கு ஒரு மெசேஜ்

இன்று காலை, இப்போது இருக்கும் செம்பூர் வீட்டில் எதையோ தேடப்போய், நெட்டில் பழைய லைப்ரரி ஒன்றின் பக்கம் கண்ணில் பட்டது. இனி இதை யாரும் பராமரிக்கப்போவதில்லை என்று மேலே ஒரு வரி. பக்கத்தை உடனே மூடிவிட்டேன். புத்தக லைப்ரரி இல்லை. சாட் செயலிகளும், தானாகப் பதில் போடும் பாட்களும் கட்டுவதற்காக, முகம் தெரியாத புண்ணியவான்கள் இலவசமாக எழுதிவைத்த நிரல்கள். அதை வைத்து நான் செய்த காரியம் அப்படி.

அப்போது தாராவியில் இருந்தோம். எங்கள் சந்தில் நாற்பது வீடு, ஒரே குழாய். தண்ணீர் எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது. குழாயடி வீட்டு முருகேசன் அண்ணன்தான் முதலில் பார்ப்பார். கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த புதிது, எனக்குக் கை சும்மா இருக்குமா? அவர் "தண்ணி" என்று மெசேஜ் போட்டால் நாற்பது வீட்டு ஃபோனுக்கும் தகவல் போகிற மாதிரி ஒரு பாட் செய்தேன். ஒரு குரூப் போதாதா என்று கேட்காதீர்கள். குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவே தண்ணீரை எங்கே தேடுவது? மூன்று மாதம் அமோகமாக ஓடியது. அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"குழாய் திறந்தாச்சு" என்றுதான் பாட் சொல்லும். கடைசி வீட்டுச் செல்வி அக்கா, "தண்ணி வந்தாச்சுன்னு போடு தம்பி, கேக்க நல்லாருக்கும்லா" என்றாள். மாற்றினேன். பாட் தன் மெசேஜைத் தானே கேட்கக்கூடாது என்று ஒரு வரி எழுதவேண்டும். லைப்ரரிக்காரர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதவில்லை. மறுநாள் அது தான் சொன்ன "தண்ணி"யைத் தானே கேட்டு, மறுபடி சொல்லி, வீட்டுக்கு வீடு நூற்றுக்கணக்கில் மெசேஜ். நான் ரயில் கூட்டத்தில் கையைக்கூட எடுக்கமுடியாமல் நிற்கிறேன். பாக்கெட்டில் ஃபோன் துடிக்கிறது. தாதர் ஸ்டேஷன் வருவதற்குள் சாட் கம்பெனி பாட்டை முடக்கிவிட்டது.

வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். பாட் முடங்கிய மறுநாளே, நான் ஆபீஸ் போனபிறகு தண்ணீர் வந்தது. அண்ணன் வழக்கம்போல் ஃபோனில் "தண்ணி" என்று மெசேஜ் போட்டார், தன் குடங்களை நிரப்பினார், வேலைக்குப் போய்விட்டார். வேறு யாருக்கும் தெரியவில்லை. செல்வி அக்காவின் மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

"ஃபோனு சொல்லும்னுல்லா கொடத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள் சாயங்காலம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பழையபடி தட்டுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். இரண்டு நாள் தட்டினார். "ஃபோன்ல போடும்வே, கதவ எதுக்கு ஒடைக்கீரு?" என்று நாலு வீட்டில் ஏச்சு. அதோடு விட்டுவிட்டார். அந்த பாட்டை மறுபடி ஓடவிட எனக்கும் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு செல்வி அக்கா தினமும் விடிவதற்கு முன்பே குடத்தோடு குழாயடியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"வீட்டுக்குப் போங்கக்கா, வந்தா நான் வந்து தட்டுதேன்" என்றேன் ஒருநாள்.

"சரி தம்பி" என்றாள். எழுந்திருக்கவில்லை.