மத்தியானம் மூன்று மணிக்கு அஸ்தமனம்

வானியல் படித்தால் என்ன கிடைக்கும்? போன வாரம் வரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும் — பசி கிடைக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கதை. செஞ்சியில் ஒரு நயினாரின் மணிலாக்கொட்டை — வேர்க்கடலை — மண்டியில் மூட்டைக்கு நம்பர் போடுகிறேன். மேல்சித்தாமூர்க்காரர், ஜைனர்; பொழுது போனபின் சாப்பிடுவது அவர்களுக்குப் பாவம். கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் சாயங்காலச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிடுவார். அதற்கப்புறம் வாயில் ஒரு பருக்கை போகாது. அந்தப் பந்தியில் எனக்கும் தினம் ஒரு இலை உண்டு. நான் வேலையில் நீடிப்பதே அதனால்தான்!

அவர் மகன் தனகுமார் மெட்ராஸில் பி.எஸ்ஸி. கணக்கு. வானியலும் ஒரு பாடம். காலேஜ் திறந்த முதல் வாரமே புரொபசர் கூப்பிட்டுச் சொன்னாராம் — தசரா லீவில் ஏதோ மலை மேல் இருக்கும் வானாராய்ச்சிக் கூடத்துக்கு இரண்டு பையன்களை அனுப்பப்போகிறோம், பெரிய டெலஸ்கோப்பில் பார்க்கலாம், வீட்டில் சம்மதம் வாங்கி வந்து திங்கட்கிழமை சொல். ஊரெல்லாம் ராக்கெட் பேச்சாக இருக்கிற காலம்... பையனுக்குக் கால் தரையில் இல்லை. சனிக்கிழமையே பஸ் பிடித்து வந்துவிட்டான்.

வந்தவன் நேராகக் கேட்டிருக்கலாம். படித்தவன் ஆயிற்றே! பந்தியில் உட்கார்ந்து முதலில் கொஞ்சம் அறிவைக் காட்டினான். சூரியன் அடிவானத்தைத் தொடுவதாக நாம் பார்க்கும்போதே நிஜத்தில் அது கீழே போயிருக்குமாம். காற்று வெளிச்சத்தை வளைத்துக் காட்டுகிறதாம்.

நயினார் சோற்றில் கை வைத்தபடி கேட்டார். "அப்ப நாம பாக்கறது?"

"பொய்யி நைனா. சூரியன் போயி ரெண்டு மூணு நிமிஷம் ஆயிருக்கும்."

கை நின்றது. "அந்த ரெண்டு மூணு நிமிஷத்துல நான் சாப்ட்டது?"

இந்தக் கேள்வி சிலபஸில் இல்லை.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலச் சாப்பாடு இனி மத்தியானம் மூன்று மணிக்கு என்று உத்தரவு. மதியம் தின்றதே தொண்டையில் நிற்கிறது, மூன்று மணிக்கு யாருக்கு இறங்கும்? டெலஸ்கோப்? அந்தப் பேச்சே கூடாது. ஒரு வாரப் படிப்பிலேயே தாத்தா, முப்பாட்டன் எல்லாரையும் ராத்திரியில் சாப்பிட்டவர்களாக ஆக்கிவிட்டான், மலைக்கு வேறு போனால் இன்னும் என்னென்ன ஆக்குவானோ என்பது நயினார் கவலை.

பொழுது சாயும் நேரம். தனகுமார் அழாத குறையாக மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். எனக்கோ வயிறு கூவுகிறது.

"வானத்துல ஓட்ட தேடப் போறேன்னுட்டு என் இலையில ஓட்ட போட்டுட்டியேடா" என்றேன்.

நான் மண்டி வாசலுக்கு வந்தேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய், தெரு முழுக்க நிழல். ஆனால் தூரத்தில், திண்டிவனம் ரோட்டில் வருகிற பஸ்ஸின் கூரை மட்டும் பளபளவென்று...

நயினாரை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"அந்த பஸ்ஸு மேல வெயில் இருக்குதா நயினாரே?"

"இருக்குது."

"நம்ம தெருவுல?"

"இல்ல."

"அப்ப சூரியன் எங்க போச்சி? மல மறைக்குது, அவ்ளோதான். இத்தினி வருஷமா நீங்க கை கழுவனது நல்ல பகல்ல."

தனகுமார் மூட்டையிலிருந்து குதித்தான். காற்று திருடுவதைவிட மலை கொடுப்பது அதிகம் என்று விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

பஸ் வந்து நின்று ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகும் நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பாட்டன் வரைக்கும் எல்லாரும் அதிலிருந்துதான் இறங்கி வந்தார்கள் போல. பிறகு மகனைக் கேட்டார்.

"அந்தக் கூடம் மலைக்கு அடியிலயா, மேலயா?"

"மேல நைனா."

இப்போது நயினாரே கணக்குப் போட்டார்.

"மேலன்னா மறைக்க ஒண்ணும் கெடையாது. சூரியன் லேட்டாத்தான் எறங்கும். காத்து வேற பொய் சொல்லும். அதனால கண்ண நம்பாத... வட்டம் கீழ தொடறதுக்கு முன்னாடியே கை கழுவிடு. போய்ட்டு வா."

மறுநாளே என் இலை பழைய நேரத்துக்குத் திரும்பியது. அப்பாவுக்குக் கொடுக்கவேண்டிய வானியல் சீட்டைக் காலேஜ்காரர்கள் தெரியாமல் மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். போகட்டும்... குடும்பத்துக்குள்தானே இருக்கிறது!